காளான் நொதியை நுரையில் பிடிப்பது: லேக்கேஸுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

காளான் வளர்ந்த நீரில் காற்றைக் குமிழ்களாக விட வேண்டும். பொங்கி வரும் நுரையை மட்டும் தனியே பிடித்து அடங்க விட்டால், நொதி கொஞ்ச நீரில் செறிந்து கிடைக்கும். இப்படி இரண்டு வரியில் கேட்டுவிட்டுத்தான் நானும் இறங்கினேன். முதல் நான்கு மாதம் எனக்குக் கிடைத்தது நுரை மட்டும்தான். அழகான, கும்பகோணம் டிகிரி காபி மேல் நிற்கிற மாதிரி நுரை. உள்ளே நொதி இல்லை.

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி. முதல் வருடத்துக்கோ இதைக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் செய்தது சிப்பிக்காளானின் லேக்கேஸ் நொதி. சாயநீரின் நிறத்தை நீக்க அதைப் பயன்படுத்தலாம் என்பதால் நம் கல்லூரிகளில் நிறையப் பேர் இதே நொதியைத்தான் எடுக்கிறார்கள். வேறு காளான், வேறு நொதி என்றாலும் குழாயும் கணக்கும் இதேதான். வேதிப்பொருளும் பி.எச். அளவும் மட்டும் மாறும்.

1. இந்த முறை உங்களுக்குத் தேவைதானா?

புரதத்துக்கு நீரை விரும்பும் பக்கமும் உண்டு, விரும்பாத பக்கமும் உண்டு. விரும்பாத பக்கம் காற்றைத் தேடும், அதனால் குமிழின் தோலில் போய் ஒட்டும். குமிழ்கள் மேலே ஏறும்போது இடையில் உள்ள நீர் கீழே வடிந்துவிட, தோலில் ஒட்டியது மட்டும் மேலே போகிறது. முறையின் சாரம் இவ்வளவுதான்.

நீர்த்த கரைசலுக்கு இது நல்ல முறை. காளான் வளர்ப்பு நீரில் புரதம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அதை அமோனியம் சல்பேட் போட்டு 80 சதவீதச் செறிவில் படிய வைக்க, லிட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். ஐந்து லிட்டர் என்றால் உப்பு வாங்குவது ஒரு செலவு, பிறகு அந்த உப்பை நீக்குவது இன்னொரு வேலை. நுரைக்கு ஒரு மீன்தொட்டிப் பம்ப் போதும்.

கோதுமைத் தவிட்டில் வளர்த்துப் பிழிந்த, புரதமும் நிறமும் அடர்ந்த சாறு உங்களிடம் இருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள். அதில் எல்லாமே நுரைக்கும், பிரிவது எதுவும் இருக்காது. இன்னொன்றையும் இப்போதே உங்கள் கைடிடம் சொல்லிவிடுங்கள்: நுரையிலிருந்து எடுத்ததை, புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால் ஒற்றைப் பட்டை வராது. இது செறிவாக்கும் படி. தூய்மையும் ஓரளவு கூடும். முழுத் தூய்மைக்கு இதன்பின் ஒரு குரோமட்டோகிராபி, அதாவது பிசின் நிரப்பிய குழாயில் புரதங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் படி, தேவைப்படும். புராஜெக்ட் தலைப்பில் ‘தூய்மையாக்கல்’ என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு வைவாவில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

2. காளானும் காகிதமும்

மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, பதிவுபெற்ற வளர்ப்பு. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி., புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். என்ற இரண்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களும் கட்டணத்துக்குத் தருகின்றன. கேட்புப் படிவம், துறைத்தலைவர் கையெழுத்து, முத்திரை, பணம் கட்டிய சான்று ஆகியவை தேவை. எனக்குக் கையில் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. அதில் மூன்று வாரம் படிவம் எங்கள் அலுவலக மேசையிலேயே கிடந்தது. செமஸ்டர் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது வழி, கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகத்தின் காளான் வித்து. மலிவு, சீக்கிரம் கிடைக்கும். ரகத்தின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பின்னால் ஆய்வேட்டில் அதுதான் சான்று.

மூன்றாவது வழி, கடையில் வாங்கிய புத்தம்புது சிப்பிக்காளானின் தண்டை இரண்டாகக் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் திசுவில் ஒரு கடுகளவு எடுத்து உருளைக்கிழங்கு அகாரில் வைப்பது. அகாரில் குளோராம்பெனிகால் சேர்த்தால் பாக்டீரியா தொல்லை குறையும். செலவு நாற்பது ஐம்பது ரூபாய்தான். ஆனால் ‘இது என்ன இனம்?’ என்று தேர்வாளர் கேட்பார். இனத்தை அடையாளம் காட்டும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியை வரிசைப்படுத்தி, ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிந்து எண் வாங்கி வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஆக மலிவு என்று நினைத்த வழியில் கடைசியில் ஓராயிரம் ரூபாயாவது ஏறும்.

காட்டில் பொறுக்கிய காளான் வேண்டும் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகக்கூடாது. அந்தக் கடிதம் வரும்வரை காத்திருக்க எம்.எஸ்சி. மாணவருக்கு நேரம் இருக்காது. காளானை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் படித்துவிடுங்கள்.

பண உதவிக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் திட்டத்தைப் பாருங்கள். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். பெரிய தொகை இல்லை. ஆனாலும் இந்த வேலைக்குப் பெரிய தொகை தேவையும் இல்லை.

3. வாங்க வேண்டியவை

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

நுரைக்குழாயை, கீழே சின்டர்டு (நுண்துளைகள் உள்ள) கண்ணாடித் தட்டு வைத்துக் கண்ணாடி ஊதுபவரிடம் செய்து வாங்கினேன். 2,800 ரூபாய். தட்டு ஜி-3 என்று கேளுங்கள், அதன் துளை 16 முதல் 40 மைக்ரான். ஜி-4 இன்னும் நுண்ணியது, குமிழ் அழகாக வரும், ஆனால் காளான் நீரின் கொழகொழப்பில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒத்திகைக்கு மீன்தொட்டி ஏர் ஸ்டோனே போதும்.

காற்றுப் பம்ப் 350 ரூபாய். கொளத்தூரில் மீன்கடைத் தெருவில் வாங்கினேன். அங்கேயே ஊசி வால்வு, டி-இணைப்பு, பிளாஸ்டிக் டியூப், அப்புறம் ஒரு ஒருவழி வால்வு. இந்தக் கடைசிப் பொருள் இருபது ரூபாய்தான். மறந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

அடுத்தது சீட்டைல் ட்ரைமெத்தில் அமோனியம் புரோமைடு, நொதியைப் பிடித்துக் குமிழுக்கு ஏற்றும் நுரைப்பொருள். லேபில் எல்லோரும் ‘சிடாப்’ என்பார்கள், டி.என்.ஏ. பிரிக்கும் ஆட்களிடம் கட்டாயம் இருக்கும். 100 கிராம் புட்டி உங்கள் ஆயுசுக்கும் போதும். பக்கத்து லேபில் இரண்டு கிராம் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். இது கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பொடியை நிறுக்கும்போது முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். பாதுகாப்புத் தரவுத்தாளை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

செலவில் பெரியது நொதியை அளக்கும் ஏ.பி.டி.எஸ். வேதிப்பொருள். ஒரு கிராமே பல ஆயிரம். இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்டால் மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டு அறிக்கை, ஆணை என்று ஒன்றரை மாதம் போகும். அதுவரை சும்மா இருக்காமல் 2,6-டைமெத்தாக்ஸி ஃபீனால் வாங்கி வேலையைத் தொடங்குங்கள். விலை குறைவு, லேக்கேஸுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒன்றில் தொடங்கிய பரிசோதனை வரிசையை மற்றொன்றில் முடிக்காதீர்கள். இரண்டிலும் யூனிட் (நொதியின் செயல் அளவு) மதிப்பு வேறு வேறாக வரும்.

4. குழாயை நிறுத்துவது

இரண்டு குழாய் வைத்துக்கொள்ளுங்கள். தேடல் வேலைக்கு 2.5 செ.மீ. உள்விட்டம், 50 மி.லி. நீர். உண்மையான ஓட்டத்துக்கு 4 செ.மீ. விட்டம், 250 மி.லி. நீர். பெரிய குழாயில் 250 மி.லி. ஊற்றினால் 20 செ.மீ. உயரம் நிற்கும். அதற்கு மேல் நுரை ஏற இன்னும் 40, 50 செ.மீ. வேண்டும். நுரை ஏறும் அந்த வெற்றிடம்தான் நீர் வடியும் இடம். குழாய் குட்டையாக இருந்தால் நீரும் நுரையும் சேர்ந்தே வெளியே வரும், செறிவு எதுவும் நடக்காது. என் முதல் குழாய் அப்படித்தான் இருந்தது. நொதியைச் செறிவாக்கவில்லை, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

உச்சியில் கண்ணாடியை வளைத்து ‘ப’ வடிவில் இறக்கி, அதன் முனையில் ஒரு கூம்புக் குடுவை வையுங்கள். நுரை தானாக அதில் போய் விழும்.

காற்று போகும் வரிசை இது: பம்ப், டி-இணைப்பு, ஊசி வால்வு, நீர் நிரப்பிய சலவைக்குப்பி, ஒருவழி வால்வு, குழாய். நீர்க்குப்பி எதற்கென்றால், வறண்ட காற்று போனால் நுரை பாதி வழியிலேயே காய்ந்து உடைந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். டி-இணைப்பு எதற்கென்றால், மீன்தொட்டிப் பம்ப் நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் ஊதும், நமக்குத் தேவை 40 முதல் 100 மி.லி. மீதியை ஒரு பக்கம் வெளியே விட வேண்டும்.

காற்றோட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் வாங்கப் பணம் இல்லையென்றால் அளவுகுழல் ஒன்றில் நீர் நிரப்பி, தொட்டியில் கவிழ்த்து, டியூப் முனையை அடியில் செருகி, 50 மி.லி. காற்று சேர எத்தனை நொடி என்று பாருங்கள். நான் ஆய்வு முடியும்வரை இப்படித்தான் அளந்தேன்.

இப்போது அந்த ஒருவழி வால்வு. ஓட்டம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் காற்று நின்றுவிடும். குழாயில் இருக்கும் நீர் தட்டின் வழியாகக் கீழே கசிந்து, நீர்க்குப்பியில் கலந்து, பம்ப்புக்குள்ளும் இறங்கும். இரண்டு வாரம் வளர்த்த காளான் நீர் கால் லிட்டரும் ஒரு பம்ப்பும் எனக்கு இப்படிப் போயின. வால்வைப் போடுங்கள், பம்ப்பையும் நீர் மட்டத்துக்கு மேலே ஓர் அலமாரியில் வையுங்கள்.

கண்ணாடியைக் கழுவுவதில்தான் என் மூன்று வாரம் போயிற்று. பாத்திரம் கழுவும் சோப்பும் துணிச்சோப்புத் தூளும் எதிர்மின் வகை. சிடாப் நேர்மின் வகை. சோப்பு துளி மிச்சம் இருந்தாலும் இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும், நுரை பாதியாகும். ஒருநாள் வேலை செய்த சோதனை மறுநாள் வேலை செய்யாததன் காரணம் அதுதான். உதவியாளர் அண்ணன் கழுவிய நாளெல்லாம் தோல்வி, நான் அவசரத்தில் வெறும் தண்ணீரில் அலசிய நாளெல்லாம் வெற்றி என்று நோட்டைப் புரட்டும்போதுதான் புரிந்தது. இந்தக் குழாயை வெந்நீரிலும் எத்தனாலிலும் கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரிலும் மட்டும் கழுவுங்கள். ‘சோப்பு போடாதீர்கள்’ என்று குழாயிலேயே எழுதி ஒட்டுங்கள்.

5. காளான் நீர்

வளர்ப்பைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. உங்கள் லேபில் தெரிந்த ஆள் இருப்பார். உருளைக்கிழங்குச் சாறு அல்லது குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு ஊடகத்தில் 25 முதல் 28 டிகிரியில், பத்திலிருந்து பதினான்கு நாள். மூன்றாவது, நான்காவது நாளில் மிகக்குறைந்த அளவு தாமிர சல்பேட் சேர்த்தால் லேக்கேஸ் கூடும். இந்த நொதியின் மையத்திலேயே நான்கு தாமிர அணுக்கள் உள்ளன.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபெர்மென்டரில் வளர்ப்பவர்கள் நுரை பொங்கினால் நுரையடக்கி ஊற்றுவார்கள். ஊற்ற விடாதீர்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த நீர் நுரைப் பிரிப்புக்கு உதவாது.

அறுவடை நாளில் மஸ்லின் துணியில் வடிகட்டி, பிறகு சென்ட்ரிஃபியூஜில் 8,000 சுற்றில் இருபது நிமிடம் சுற்றுங்கள். அப்போதும் நீர் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். அது காளான் விடும் பலசர்க்கரை. நுரையில் நீர் வடிய விடாமல் பிடித்து வைப்பது இதுதான். போக்க எளிய வழி: உறைய வைத்து, உருக்கி, மறுபடி சுற்றுவது. நூல் நூலாகத் திரிந்து அடியில் போய்விடும். லேக்கேஸ் இதைத் தாங்கும். ஆனாலும் உங்கள் காளானின் நொதி தாங்குகிறதா என்று பத்து மி.லி.யில் முதலில் பாருங்கள்.

எல்லாக் குடுவையின் நீரையும் ஒரே வாளியில் கலந்து, 50 மி.லி. பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். இதைச் செய்யாமல் வாரம் ஒரு குடுவையாக எடுத்து ஓட்டினால், மாறியது பி.எச். அளவினாலா அந்த வாரக் காளானினாலா என்று கடைசிவரை தெரியாது.

6. அளக்கத் தெரிந்த பிறகே நுரை

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகும் படி இது. தாண்டாதீர்கள்.

ஏ.பி.டி.எஸ். முறையில் அமிலத்தன்மையுள்ள அசெட்டேட் தாங்கலில் (பி.எச். மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), பி.எச். 4.5-இல், 420 நானோமீட்டரில் நிறம் ஏறுவதைப் பார்க்க வேண்டும். மில்லிமோலார் அளவில் இதன் உறிஞ்சல் கெழு (நிறத்தைப் பொருளின் அளவாக மாற்ற உதவும் எண்) 36. நிமிடத்துக்கு ஏறும் அளவை மொத்தக் கனஅளவால் பெருக்கி, 36-ஆலும் நொதி ஊற்றிய மி.லி.யாலும் வகுத்தால் ஒரு மி.லி.க்கு இத்தனை யூனிட் என்று வரும். மாதிரியை நீர்த்திருந்தால் அந்த மடங்கால் பெருக்க மறக்காதீர்கள். டைமெத்தாக்ஸி ஃபீனால் என்றால் 468 நானோமீட்டர், கெழு 49.6.

நுரையிலிருந்து வந்த நீரை அப்படியே குவெட்டில் (நிறம் அளக்கும் சிறு குப்பி) ஊற்றினால் நிறம் கண்ணிமைப்பதற்குள் உச்சிக்குப் போய்விடும். பத்து மடங்கு, ஐம்பது மடங்கு நீர்த்துப் பாருங்கள். முதல் நிமிடம் நேர்கோடாக ஏறினால்தான் அந்த எண் செல்லும்.

பிறகு மூன்று சோதனை. கொதிக்க வைத்த நொதியில் நிறம் ஏறக்கூடாது. காளான் நீரில் சிடாப் சேர்த்தும் சேர்க்காமலும் அளந்தால் ஒரே விடை வர வேண்டும், வராவிட்டால் வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். நொதியே இல்லாத சிடாப் கரைசலைப் புரதச் சோதனையில் போட்டுப் பாருங்கள். புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு சாயம் சிடாப்பைப் பார்த்தும் நிறம் மாறும். வெறும் சிடாப்புக்குப் புரதக் கணக்கு எழுதிய கூத்து எங்கள் லேபில் நடந்திருக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் அதே அளவு சிடாப் உள்ள வெற்று மாதிரி வையுங்கள். முடிந்தால் சிடாப்பை நீக்கிய பிறகு புரதத்தை அளப்பது இன்னும் நல்லது.

லேக்கேஸுக்கென்றே சில ஆகாதவை உண்டு. நீர் கெடாமல் இருக்கச் சிலர் பழக்கத்தில் சோடியம் அசைடு போடுவார்கள். அசைடு இந்த நொதியை அடியோடு முடக்கிவிடும். குளோரைடும் ஓரளவு தடுக்கும். அதனால் பி.எச். இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், அசெட்டிக் அமிலமோ நீர்த்த கந்தக அமிலமோ போதும்.

7. முதல் ஓட்டம்

காலையில் உறைந்த பங்கை எடுத்து அறைவெப்பத்துக்குக் கொண்டு வாருங்கள். ஏசி லேப் என்றால் ஏசியை அணையுங்கள். சிடாப் 20, 25 டிகிரிக்குக் கீழே போனால் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். 10 மி.கி./மி.லி. அளவில் மூலக்கரைசல் செய்து, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் வைத்தே பயன்படுத்துங்கள்.

லேக்கேஸ் தன்மேல் நிறையச் சர்க்கரை போர்த்திய நொதி. நீரை விட்டுப் பிரிய மனசில்லாதது, தானாகக் குமிழில் ஒட்டாது. அதன் சமமின் புள்ளி (மொத்த மின்னேற்றம் பூஜ்யமாகும் பி.எச்.) அமிலப் பக்கம், பெரும்பாலும் பி.எச். 3 முதல் 5-க்குள். அதற்கு மேல் பி.எச். போனால் நொதி எதிர்மின் ஏற்கும், நேர்மின் சிடாப் அதைப் பற்றிக்கொண்டு குமிழுக்கு இழுத்துப் போகும். ஆக நாம் செய்வது சிடாப்பை நுரைக்க வைத்து, அதன் கையைப் பிடித்து நொதியை ஏற்றி அனுப்புவது.

படிகள் இப்படி:

நீரின் பி.எச். அளவை 6.5-க்குக் கொண்டு வாருங்கள். உப்பு அதிகம் இருந்தால் சிடாப்பின் பிடி தளரும், அதனால் 10, 20 மில்லிமோலாருக்கு மேல் தாங்கல் வேண்டாம்.

சிடாப் போடும் முன்பே ஐந்து நிமிடம் காற்று விடுங்கள். தானாக நுரைப்பது எதுவோ அது முதலில் வெளியேறும். காளானில் ஹைட்ரோஃபோபின் என்ற குட்டிப் புரதங்கள் உண்டு, நுரைப்பதில் மன்னர்கள். அவற்றை இந்தச் சுற்றிலேயே தனியே பிடித்தால் தூய்மை கூடும். இந்த நுரையையும் தூக்கிப் போடாதீர்கள். அளந்து எழுதிவிட்டுப் போடுங்கள்.

அடுத்து, லிட்டருக்கு 100 மி.கி. வரும்படி சிடாப். சிறு குழாயின் 50 மி.லி.க்கு மூலக்கரைசலில் அரை மி.லி. பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கிவிட்டுக் குழாயில் ஊற்றுங்கள். ஊற்றும்போது சுவரோடு ஒட்டி ஊற்றுங்கள். தடதடவென்று கவிழ்த்தால் அளக்கும் முன்பே பாதி நுரையாகிவிடும். காற்றைத் திறந்து வைத்துவிட்டுத்தான் நீரை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் தட்டு வழியாகக் கசியும்.

காற்று, சிறு குழாய்க்கு நிமிடத்துக்கு 40 மி.லி., பெரியதற்கு 100. குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் இரண்டிலும் காற்று மேலேறும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான், நிமிடத்துக்கு 8 செ.மீ. பக்கம்.

இனி பொறுமை. நுரை ஏறும்போது கீழே வெள்ளையாக, மணிமணியாக இருந்து, மேலே போகப் போகத் தேன்கூடு மாதிரி பலகோணக் கண்களாக விரிய வேண்டும். உச்சிவரை பாலாடை போல வெள்ளையாகவே இருந்தால் நீர் வடியவில்லை, காற்றைக் குறையுங்கள். பாதி உயரத்தில் ஏறியும் இறங்கியும் தள்ளாடினால் காற்றோ சிடாப்போ போதவில்லை. நுரை ஏறுவது தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். எனக்கு முப்பதிலிருந்து ஐம்பது நிமிடம் ஆகும்.

குடுவையில் விழுந்த நுரை அடங்க நேரமாகும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், சிடாப் படியும். கண்ணாடிக் கம்பியால் மெல்லக் கிளறுங்கள், அல்லது 2,000 சுற்றில் இரண்டு நிமிடம் சுற்றுங்கள். நுரையடக்கி, ஆல்கஹால் எதுவும் வேண்டாம்.

8. கணக்கு

நுரையின் கணக்கை மட்டும் எழுதிவிட்டு, குழாயில் மிச்சம் நின்ற நீரைச் சிங்க்கில் ஊற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நானும் நான்கு மாதம் அதைத்தான் செய்தேன். மூன்று நீரையும் அளக்க வேண்டும்: போட்டது, நுரையில் வந்தது, மிச்சம் நின்றது. மூன்றின் கனஅளவையும் அளவுகுழலில் ஊற்றிப் பார்க்க வேண்டும், கண்மதிப்பு கூடாது.

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. போட்டது 250 மி.லி., மி.லி.க்கு 2 யூனிட், மொத்தம் 500. நுரைநீர் 20 மி.லி., மி.லி.க்கு 19, மொத்தம் 380. மிச்சநீர் 230 மி.லி., மி.லி.க்கு 0.3, மொத்தம் 69. இரண்டையும் கூட்டினால் 449. காணாமல் போனது 51, அதாவது பத்து சதவீதம். மீட்பு 76 சதவீதம், செறிவு ஒன்பதரை மடங்கு.

தூய்மைக்குப் புரதமும் வேண்டும். போட்ட நீரில் 25 மி.கி. புரதம் இருந்தால் மி.கி.க்கு 20 யூனிட். நுரைநீரில் 8 மி.கி. இருந்தால் 47.5. தூய்மை சுமார் 2.4 மடங்கு. செறிவு மடங்கையும் தூய்மை மடங்கையும் குழப்பி எழுதினால் தேர்வாளர் அங்கேயே நிறுத்துவார்.

அந்தக் காணாமல் போன பகுதிதான் உங்கள் ஆசிரியர். மிச்சநீரில் நொதி நிறைய இருந்தால் அது நுரைக்கு ஏறவில்லை, பி.எச். அளவையோ சிடாப்பையோ பாருங்கள். நுரையிலும் இல்லை, மிச்சத்திலும் இல்லை என்றால் குமிழின் தோலில் விரிந்து செத்திருக்கிறது. காற்றைக் குறைத்து நேரத்தைச் சுருக்கிப் பாருங்கள். குழாய்ச் சுவரில் ஒட்டிக் காய்ந்ததையும் 5 மி.லி. தாங்கலில் அலசி அளந்து பாருங்கள், எனக்கு ஒருமுறை எட்டு சதவீதம் அங்கே இருந்தது. கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டி 130, 140 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். நீர்த்த மடங்கில் தவறு, அல்லது காளான் நீரில் நொதியைத் தடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று பிரிந்துபோயிருக்கிறது.

கூட்டுத்தொகை 85-க்கும் 110-க்கும் இடையில் மூன்று முறை தொடர்ந்து வரும்வரை எந்த மாறியையும் மாற்றாதீர்கள். இது என் சொந்த விதி. கணக்கு நிற்காத இடத்தில் வரைபடம் போட்டு என்ன பயன்?

9. எதை எப்போது மாற்றுவது

முதலில் பி.எச்.: 6, 6.5, 7. அடுத்து சிடாப்: லிட்டருக்கு 50, 100, 200 மி.கி. கடைசியில் காற்று மூன்று வேகம். எல்லாச் சேர்க்கையும் பார்த்தால் 27 ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் 50 மி.லி. என்றால் 1.35 லிட்டர் நீர். ஒரு நாளைக்கு இரண்டு ஓட்டம்தான் நேர்மையாக முடியும். மூன்று ஓட்டியவர்கள் மாலை அளவீட்டை மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

சிடாப்பை 330 மி.கி.க்கு மேல் கொண்டு போகாதீர்கள். சுமார் அந்த அளவில் அது தன்னோடு தானே கூடி உருண்டையாகிவிடும். அதற்கு மேல் போட்டால் குமிழின் தோல் முழுக்கத் தனி சிடாப்பே உட்கார்ந்துகொள்ளும், நொதிக்கு இடம் இருக்காது. பின்னால் நீக்குவதும் கடினம்.

காற்றில் இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. குறைத்தால் நுரை உலர்ந்து செறிவு கூடும், மீட்பு குறையும். கூட்டினால் மீட்பு கூடும், செறிவு விழும். அடுத்த படி குரோமட்டோகிராபி என்றால் நான் மீட்பின் பக்கம் நிற்பேன். நொதியை அப்படியே சாயநீரில் ஊற்றப் போகிறீர்கள் என்றால் செறிவைப் பாருங்கள்.

10. சிடாப்பை வெளியேற்றுவது

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நுரைநீரில் நொதியோடு சிடாப்பும் செறிந்திருக்கும். 100 மி.கி.யில் தொடங்கியிருந்தாலும் 20 மி.லி. நுரைநீரில் அது உருண்டையாகும் அளவைத் தாண்டிவிடும். உருண்டைகள், சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையின் துளை வழியே போகாது. தனி மூலக்கூறு 364 டால்டன்தான், அது போகும். அதனால் நுரைநீரைப் பையில் ஊற்றும் முன் ஐந்து மடங்காவது நீர்க்கச் செய்து, 12 முதல் 14 கிலோடால்டன் பையில், அறைவெப்பத்தில், தாங்கலை நான்கைந்து முறை மாற்றி ஒன்றரை நாள் வைக்க வேண்டும். செறிவாக்கியதை மறுபடி நீர்க்கச் செய்வது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். சிடாப்பைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள் உங்கள் லேபில் இருந்தால் அவை விரைவு, ஆனால் விலை அதிகம், கொஞ்சம் நொதியையும் சேர்த்துப் பிடிக்கும்.

நீக்கியாயிற்றா என்று பார்க்கக் கையடக்கச் சோதனை: சோதனைக்குழாயில் ஒரு மி.லி. எடுத்துப் பத்து முறை குலுக்குங்கள். நுரை அடங்காமல் நின்றால் இன்னும் இருக்கிறது.

11. நாட்கணக்கு

செமஸ்டரின் பதினாறு வாரத்தை நான் இன்று பங்கிட்டால் இப்படிப் பங்கிடுவேன். படிவமும் இன்டென்டும் செமஸ்டருக்கு முன்பே. முதல் இரண்டு வாரம் காளானை மீட்டு அகாரில் இரண்டு முறை மாற்றுவது, கூடவே கண்ணாடிக்காரரிடம் நடப்பது (அவர் சொல்லும் தேதியோடு பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள்). மூன்றாவது முதல் ஐந்தாவது வாரம்வரை வளர்ப்பு. அந்த நேரத்தில் கையில் வேலை இருக்காது, அளவீட்டுப் பயிற்சிக்கு அதுதான் சமயம். ஆறாவது, ஏழாவது வாரம் கணக்கை நிலைநிறுத்த. எட்டிலிருந்து பத்து வரை 27 ஓட்டம். பதினொன்றில் பெரிய குழாய். பன்னிரண்டு, பதின்மூன்று சிடாப் நீக்கம், ஜெல். மிச்ச மூன்று வாரத்தில் ஒன்று கரண்டுக்கும் மழை லீவுக்கும் போகும், இரண்டில் எழுத வேண்டும்.

சிடாப் கலந்த கழிவுநீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். தனிக் கேனில் சேர்த்து, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, கல்லூரியின் வேதிக்கழிவு எடுப்பவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அந்தக் கையெழுத்துத் தாளையும் கோப்பிலேயே வையுங்கள். எங்கள் ஆய்வேட்டு வைவாவில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்டது அதைத்தான்.